ஒளியின் வரிகளைப் படித்தவர்கள்

வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கத்தார் கேட்டுக்கொண்டபோது, நாம் ஊர் வரலாற்றையோ சங்க வரலாற்றையோ எழுதுவோம் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பர். அவற்றை நம்மினும் நன்கு எழுத வல்லோர் இம்மலரிலேயே உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒளி. வானில் கோடானுகோடி மைல்களுக்கு அப்பால் நிற்கும் விண்மீன் எப்பொருளால் ஆனது, எவ்வளவு வெப்பமுடையது என்பவற்றை மனிதன் எங்ஙனம் அறிந்தான் என்பதும் வரலாறுதானே? நாம் வரலாறு பயின்றவரே அன்றி அறிவியல் ஆசிரியர் அல்லோம். ஆகவே அறிவியலை அறிந்த அளவு கூறி, அதனை ஆக்கிய மாந்தரைப் பற்றியே மிகுதியும் கூறுவோம்.

ஒரு சிறு நினைவு. நாம் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில் அறிவியல் அறையின் அலமாரியில் கண்ணாடி முப்பட்டகம் ஒன்று இருந்தது. அலமாரிக்குப் பூட்டு உண்டு. மாணவர் கையில் கொடுத்தால் கீழே போட்டு உடைத்துவிடுவர் என்பது பூட்டுக்குக் கூறப்பட்ட காரணம். ஞாயிற்றின் வெள்ளொளி ஏழு நிறமாகப் பிரியும் என்ற பாடத்தைக் கரும்பலகையில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எழுதிக் காட்டினர், நாமும் எழுதிக்கொண்டோம். பி.எட். பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த பின்னரே அந்த முக்கோணக் கண்ணாடியை முதன்முதலாகக் கையில் ஏந்தினோம். சன்னல் ஒளியில் பிடித்தபோது சுவரில் விழுந்த நிறங்களைக் கண்டு, வகுப்புக்குச் செல்லவும் மறந்து நின்றோம் என்பது உண்மை.

1666 ஆம் ஆண்டளவில் ஐசக் நியூட்டன் இந்நிறங்களை ஆராய்ந்து, அவை கண்ணாடி உண்டாக்கியவை அல்ல, வெள்ளொளியிலேயே கலந்திருப்பவை என்று நிறுவினார். அந்நிறப் பட்டையை நிறமாலை என்கிறோம். இது பாடநூல்களில் உள்ளதே. பாடநூல்கள் விரைந்து கடந்து செல்லும் இடமே நமக்கு முதன்மையானது. நிறமாலையை உற்று நோக்கினால் அது தொடர்ச்சியான பட்டை அன்று. இடையிடையே மயிரிழை போன்ற கரிய வரிகள் பல குறுக்கே நிற்கின்றன. 1802 ஆம் ஆண்டில் வில்லியம் உல்லாஸ்டன் என்னும் ஆங்கிலேயர் அவற்றுள் சிலவற்றைக் கண்டார். நிறங்களுக்கு இடையேயுள்ள வரப்புகள் என்று கருதி விட்டுவிட்டார். அவற்றை விடாமல் எண்ணியவர் வேறொருவர். அவர் கல்லூரி வாயிலை மிதியாதவர்.

ஜெர்மனியின் பவேரியா நாட்டில் ஸ்ட்ராபிங் என்னும் ஊரில் 1787 ஆம் ஆண்டு யோசேப் பிரான்ஹோபர் பிறந்தார். தந்தையார் கண்ணாடி வேலை செய்யும் எளிய தொழிலாளி. யோசேப் அவருக்குப் பதினோராவது பிள்ளை. பதினொரு வயதிற்குள் தாயும் தந்தையும் இறந்தனர். காப்பாளர்கள் சிறுவனை மியூனிக் நகரில் கண்ணாடி அறுத்து ஆடி செய்யும் ஒருவரிடம் தொழில் பழக விட்டனர். ஆறு ஆண்டுகள் வேலை, கூலி இல்லை. பழகுவோர் கொடுக்க வேண்டிய கட்டணத்தைக் கொடுக்க இயலாமையால் உழைப்பே கட்டணமாயிற்று. தொழிலாளிப் பிள்ளைகளுக்கென நடந்த விடுமுறைநாள் பள்ளிக்குச் செல்லவும் முதலாளி தடுத்தார். இரவில் விளக்கேற்றிப் படிக்கவும் தடுத்தார்.

1801 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21 ஆம் நாள் அவ்வீடு இடிந்து விழுந்தது. முதலாளியின் மனைவி மாண்டார். பதினான்கு வயதுப் பிரான்ஹோபர் பல மணி நேரம் இடிபாட்டுள் சிக்கியிருந்து உயிரோடு மீட்கப்பட்டார். மீட்புப் பணியைக் காண நாட்டின் மன்னரே வந்திருந்தார். சிறுவனுக்கு அவர் 18 பொற்காசுகள் அளித்தார். உடன் வந்த உட்ஸ்னைடர் என்னும் செல்வர் கணிதம், ஒளியியல் பற்றிய நூல்களைக் கொடுத்து உதவினார். பிரான்ஹோபர் அப்பணத்தில் கண்ணாடி தேய்க்கும் பொறி ஒன்று வாங்கினார். மீதியைக் கொடுத்து எஞ்சிய பயிற்சிக் காலத்தினின்று தம்மையே விடுவித்துக்கொண்டார். வீடு இடிந்தமையால் வாழ்வு எழுந்தது என்று சிலர் இக்கதையைச் சுவைபடக் கூறுவர். நமக்கு அது உடன்பாடன்று. படிக்க விட்டிருந்தால் வீடு இடிய வேண்டியதே இல்லை. இடிபாட்டுள் சிக்காத பயிற்சிச் சிறுவர்களை மன்னர் எவரும் காண வந்ததில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1806 ஆம் ஆண்டு உட்ஸ்னைடரின் ஒளியியல் தொழிற்கூடத்தில் பிரான்ஹோபர் சேர்ந்தார். சில ஆண்டுகளில் பெனடிக்ட்பாயர்ன் என்னும் ஊரில், துறவியர் நீங்கிய பழைய மடம் ஒன்றில் அமைந்த கண்ணாடி உலைக்குப் பொறுப்பாளரானார். நில அளவைக் கருவிகளுக்கும் தொலைநோக்கிகளுக்கும் நிறக்குறை இல்லாத வில்லைகள் செய்வதே அங்கு வேலை. ஒவ்வொரு நிறத்தையும் கண்ணாடி எவ்வளவு வளைக்கிறது என்று நுட்பமாக அளந்தால்தான் அத்தகைய வில்லை செய்ய முடியும். ஆனால் சிவப்பு எங்கே முடிகிறது, மஞ்சள் எங்கே தொடங்குகிறது? அளவு நாடாவில் கோடு இல்லாவிட்டால் துணியை எங்ஙனம் அளப்பது? அத்தகைய கோட்டைத் தேடியபோதுதான், 1814 ஆம் ஆண்டில், ஞாயிற்றின் நிறமாலையில் அவர் அக்கரிய வரிகளைக் கண்டார். ஒன்றிரண்டல்ல, 574 வரிகளை எண்ணினார். முதன்மையானவற்றுக்கு ஏ, பி, சி, டி என ஆங்கில நெடுங்கணக்கு வரிசையில் பெயரிட்டார். இன்றும் வானியலார் அப்பெயர்களையே வழங்குகின்றனர்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. வெள்ளிக் கோளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்; ஞாயிற்றின் வரிகளே அங்கும் இருந்தன. வெள்ளி தன்னொளி இல்லாதது, ஞாயிற்றொளியைத் திருப்பி அனுப்புவது என்பதால் அது பொருத்தமே. பின்னர் சிரியஸ் என்னும் விண்மீனைப் பார்த்தார். வரிகள் மாறியிருந்தன. ஒவ்வொரு விண்மீனும் தன் ஒளியில் தனக்கே உரிய வரிகளைத் தாங்கி வருகிறது என்பதை மனித இனம் அன்றுதான் அறிந்தது. ஆனால் அவ்வரிகளின் பொருளை அவர் அறிந்திலர். அறிந்ததாகக் கூறிக்கொள்ளவும் இல்லை.

பவேரிய அறிவியல் கழகத்தில் அவரை உறுப்பினராக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, பல்கலைக்கழகம் சென்று படியாதவர், வெறும் தொழிலாளி என்று சிலர் மறுத்தனர். தடைகளைக் கடந்தே அவர் அங்கு இடம் பெற்றார். 1826 ஆம் ஆண்டில், 39 ஆம் வயதில், காசநோயால் இறந்தார்.

அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் சென்றபின், 1835 இல், பிரான்சு நாட்டின் பெருந்தத்துவ அறிஞர் ஆகுஸ்ட் கோம்ட் ஒரு தீர்ப்பு எழுதினார். விண்மீன்களின் தொலைவையும் இயக்கத்தையும் நாம் அறியலாம். அவை எப்பொருளால் ஆனவை என்பதை எக்காலத்தும் அறிய இயலாது என்பது அவர் கூற்றின் சாரம். அங்கே சென்று ஒரு பிடி மண் அள்ளி வர இயலாதே என்ற அளவில் அவர் சொன்னது முறையானதாகவே தோன்றும். கோம்ட் 1857 இல் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில் அத்தீர்ப்பு தகர்ந்தது.

1859 இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் கிர்காப், புன்சன் என்ற இரு பேராசிரியர்கள் அவ்வரிகளின் பொருளைக் கண்டனர். அவர்கள் கண்டதன் அடிப்படையை நம் வீட்டு அடுக்களையிலேயே காணலாம். எரியும் அடுப்பில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் தீ மஞ்சளாகும். உப்பிலுள்ள சோடியத்தின் நிறம் அது. அம்மஞ்சளை முப்பட்டகத்தின் வழியே பார்த்தால், அடுத்தடுத்து நெருங்கிய இரண்டு ஒளி வரிகள் மட்டுமே தெரியும். அவ்விரு வரிகளும் நிற்கும் இடம், பிரான்ஹோபர் ஞாயிற்றில் டி என்று பெயரிட்ட கரிய வரிகளின் அதே இடம். சூடேறிய சோடிய ஆவி எந்த நிறத்தை வெளியிடுமோ, அதே நிறத்தைத் தன்னிலும் வெப்பமான ஒளி தன் ஊடே செல்லும்போது விழுங்கிவிடும். ஞாயிற்றின் மேற்புற ஆவியில் சோடியம் இருக்கிறது. உள்ளிருந்து வரும் ஒளியில் தன் பங்கை அது விழுங்கிக்கொள்கிறது. விழுங்கிய இடம் கரிய வரியாகிறது. இவ்வாறே இரும்புக்கும் கால்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் தனித்தனி வரிகள் உண்டு. கைந்நாட்டு ஆளுக்கு ஆள் வேறுபடுவதுபோல, தனிமத்துக்குத் தனிமம் வரி வேறுபடும். இம்முறையால் அவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் சீசியம், ருபீடியம் என்னும் இரு புதிய தனிமங்களையும் கண்டுபிடித்தனர். ருபீடியத்தை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். அது பின்னர் வரும்.

இவ்வரலாற்றில் பழைய சென்னை மாகாணத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1868 ஆகஸ்டு 18 ஆம் நாள் முழு ஞாயிற்று மறைப்பு நிகழ்ந்தது. அதன் நிழல் அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூர், மசூலிப்பட்டினம் வழியே சென்றது. பிரான்சிலிருந்து ஜான்சன் குண்டூருக்கு வந்தார். சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினம் சென்றார். மறைந்த ஞாயிற்றின் விளிம்பில் எழுந்த தீச்சுடர்களின் ஒளியைப் பிரித்தபோது ஒளி வரிகள் தெரிந்தன. அவற்றுள் மஞ்சள் வரி ஒன்று உப்பின் சோடிய வரி நிற்கும் இடத்தில் சரியாகப் பொருந்தவில்லை. சற்றே விலகி நின்றது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் அவ்வரியை ஆராய்ந்த லாக்கியர், இது மண்ணுலகில் எவரும் அறியாத தனிமத்தின் வரி என்றார். ஞாயிற்றின் கிரேக்கப் பெயரால் ஹீலியம் எனப் பெயரிடப்பட்டது. பலர் நம்பவில்லை. 1895 இல் ராம்சே என்பவர் யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து அந்த வளியைப் பிரித்தெடுத்துக் காட்டினார். ஒரு தனிமத்தை முதலில் ஞாயிற்றில் கண்டு, 27 ஆண்டுகள் கழித்து நிலத்தில் கண்டது அதுவே முதல் முறை.

இதுகாறும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பற்றியே பேசினோம். தெரியாத ஒளியும் உண்டு, அதுவே பெரும்பகுதி. 1800 ஆம் ஆண்டில், இசைக் கலைஞராக வாழ்வைத் தொடங்கி வானியலுக்கு வந்த வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையின் ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்து அளந்தார். சிவப்பைக் கடந்து, ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானி எல்லாவற்றினும் மிகுதியாக ஏறியது. அங்கே கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர் இருந்தது. மறு ஆண்டு ரிட்டர் என்பவர் ஊதாவுக்கு அப்பால் வெள்ளி உப்பு விரைந்து கறுப்பதைக் கண்டு புற ஊதாக் கதிரை அறிந்தார். மாக்ஸ்வெல் 1865 இல் ஒளி என்பது மின்காந்த அலையே என்று கணிதத்தால் கூறினார். ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் வானொலி அலைகளை உண்டாக்கிக் காட்டினார். ராண்ட்ஜன் 1895 இல் எக்ஸ் கதிரைக் கண்டார். இவை எல்லாம் ஒரே குடும்பம். விரைவு நொடிக்குச் சுமார் 3 இலட்சம் கிலோமீட்டர். வேறுபாடு அலைநீளத்தில் மட்டுமே. நம் கண் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை; நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. இசைவாணர் மொழியில் கூறினால், ஓர் அலைநீளம் அடுத்ததற்கு இரட்டிப்பாவதை ஒரு ஸ்தாயி எனக் கொண்டால், நம் கண்ணுக்கு ஒரு ஸ்தாயி கூட முழுமையாக வாய்க்கவில்லை. வானம் பாடுவதோ பல பத்து ஸ்தாயிகளில்.

வானத்தின் வானொலி அலையை முதலில் கேட்டவர் கார்ல் ஜான்ஸ்கி என்னும் அமெரிக்கப் பொறியாளர். கடல் கடந்த தொலைபேசியில் கேட்கும் இரைச்சலின் காரணத்தைத் தேட அவருடைய நிறுவனம் அவரைப் பணித்தது. பழைய போர்டு காரின் சக்கரங்கள் மேல் சுழலும் உணர்கம்பிச் சட்டம் ஒன்றை அவர் அமைத்தார். இடியோசை போக எஞ்சிய ஓர் இரைச்சல் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சம் அடைந்தது. விண்மீன்கள் வானைச் சுற்றிவரும் காலக் கணக்கு அதுதான். நம் பால்வழியின் நடுப்பகுதியிலிருந்து அது வருகிறது என்று 1933 இல் அவர் வெளியிட்டார். நம் நாட்டில் கோவிந்த் சுவரூப் தலைமையில் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய வானொலித் தொலைநோக்கி 1970 இல் நிறுவப்பட்டது. அங்குள்ள மலைச்சரிவின் சாய்வு ஏறத்தாழ 11 பாகை. அவ்விடத்தின் அகலக்கோடும் ஏறத்தாழ 11 பாகை. ஆகவே சரிவில் கிடக்கும் தொலைநோக்கியின் அச்சு புவியச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் திருப்பி ஒரு விண்மீனைப் பல மணி நேரம் தொடர முடிகிறது. மலையின் சாய்வையே கருவியின் உறுப்பாக்கிக்கொண்ட இந்த அறிவை நாம் மிகவும் வியக்கிறோம். எக்ஸ் கதிரையும், புற ஊதாவின் பெரும்பகுதியையும், அகச்சிவப்பின் பெரும்பகுதியையும் காற்றுமண்டலம் தடுத்துவிடுவதால், அவற்றைக் காணக் கருவிகளை விண்ணுக்கே அனுப்புகின்றனர். 2015 இல் இந்தியா அனுப்பிய ஆஸ்ட்ரோசாட் அத்தகையது. 2021 திசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, ஹெர்ஷலின் வெப்பமானி உணர்ந்த அந்த அகச்சிவப்பைக் காண்பது.

மீண்டும் வரிகளுக்கு வருவோம். வரியின் பொருள் தெரிந்துவிட்டது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு நம்பியது. உண்மையில் பாதியே தெரிந்திருந்தது.

அமெரிக்காவின் ஹார்வார்டு வானாய்வகத்தில் விண்மீன்களின் நிறமாலைகளைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்து, அவற்றை வகைப்படுத்தப் பெண்களைக் குறைந்த கூலியில் அமர்த்தினர். அவருள் வில்லியமினா பிளெமிங் என்பவர் அவ்வாய்வகத் தலைவர் வீட்டிலேயே பணிப்பெண்ணாக இருந்தவர். செவிப்புலன் குன்றிய ஆனி ஜம்ப் கேனன் 2,25,000-க்கும் மேற்பட்ட விண்மீன்களை வகைப்படுத்தினார். சில விண்மீன்களில் ஹைட்ரஜன் வரி ஓங்கி நின்றது. சிலவற்றில் கால்சிய வரி. சிலவற்றில் ஹீலிய வரி. அப்படியானால் விண்மீன்கள் வெவ்வேறு பொருள்களால் ஆனவையா? வரி இருந்தால் தனிமம் உண்டு. வரி இல்லையேல் தனிமம் இல்லை என்பதல்லவா கணக்கு? மேலும் ஒரு புதிர்: ஞாயிற்றில் சோடியம் உண்டு; அதன் உறவினங்களான ருபீடியமும் சீசியமும் ஏன் காணப்படவில்லை?

இப்புதிரை அவிழ்த்தவர் கல்கத்தாவில் இருந்த 27 வயது இளைஞர், மேகநாத சாகா.

1893 அக்டோபர் 6 ஆம் நாள், டாக்கா நகரை அடுத்த சியோராதலி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் சிறு மளிகைக் கடை வைத்திருந்தவர். எட்டுப் பிள்ளைகளுள் இவர் ஐந்தாவது. அக்குடும்பம் பிறந்த சாதி அன்றைய வங்கத்தில் தாழ்வாகவே எண்ணப்பட்டது. ஊர்ப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் மகனைக் கடையில் அமர்த்தவே தந்தையார் எண்ணினார். நடுநிலைப் பள்ளியோ சுமார் 10 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அவ்வூர் மருத்துவர் ஒருவர் தம் வீட்டில் இடமும் உணவும் தர முன்வந்தார். உண்ட கலத்தைத் தானே கழுவ வேண்டும். வீட்டுப் பசுவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவை நிபந்தனை. சிறுவர் சாகா இரண்டையும் செய்தார், படித்தார், உதவித்தொகை பெற்று டாக்கா சென்றார். 1905 இல் வங்கப் பிரிவினையை எதிர்த்த மாணவர் கிளர்ச்சியில் பங்குகொண்டமைக்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, உதவித்தொகையையும் இழந்தார். வேறு பள்ளியில் சேர்ந்து 1909 இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்கத்திலேயே முதல்வரானார்.

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் படித்தபோது இந்து மாணவர் விடுதியில் தங்கினார். உயர்சாதி மாணவர் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் உணவருந்த மறுத்தனர். சரசுவதி பூசையிலும் அவர் ஒதுக்கப்பட்டார். கல்வித் தெய்வத்தின் முன்னிலையில், அக்கல்லூரியிலேயே மிகச் சிறந்த மாணவருள் ஒருவருக்கு இது நேர்ந்தது. இதற்கு மேல் இதுபற்றி எழுத நாம் விரும்பவில்லை. இம்மலரைப் படிப்போர்க்கு விளக்கமும் தேவையில்லை.

1920 இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஞாயிற்றின் மேல்மண்டலத்தில் அயனியாதல் பற்றியது. அதன் கருத்தை எளிமையாகக் கூறுவோம். அணுவில் கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் உள்ளன. வெப்பம் மிகுந்தால் ஓர் எலக்ட்ரான் கழன்றுவிடும், எஞ்சியது அயனி. எலக்ட்ரானை இழந்த கால்சியம், இழக்காத கால்சியத்தின் வரிகளை எழுதாது. வேறு வரிகளை எழுதும். அழுத்தம் குறைந்தால் கழன்ற எலக்ட்ரான் மீண்டு வந்து சேர்வதும் அரிதாகும். எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில், எத்தனை பங்கு அணு அயனியாக இருக்கும் என்பதற்குச் சாகா ஒரு சமன்பாடு தந்தார். ஆகவே ஒரு தனிமத்தின் வரி தெரியாமையால் அத்தனிமம் அங்கு இல்லை என்று ஆகாது. அவ்வரியை எழுதும் நிலையில் அது இல்லை என்பதே பொருள். வரலாற்று மாணவர்க்கு இது புதிதன்று. ஏட்டில் பெயர் இல்லாத மக்கள் அந்நாட்டில் வாழாமல் போய்விடவில்லை. ஏடு எழுதப்பட்ட நிலைமையையும் சேர்த்துப் படித்தால்தான் வரலாறு.

ஹார்வார்டுப் பெண்கள் பிரித்த வகைகள் பொருளால் வேறுபட்டவை அல்ல, பெரும்பாலும் வெப்பத்தால் வேறுபட்டவை என்பது சாகாவால் தெளிவாயிற்று. ருபீடியப் புதிருக்கும் அவர் விடை கூறினார். ருபீடியம் எளிதில் எலக்ட்ரானை இழப்பது. ஞாயிற்றின் வெப்பத்தில் ஏறத்தாழ முழுதும் அயனியாகிவிடுவதால் தன் வழக்கமான வரியை எழுதவில்லை. ஆனால் ஞாயிற்றின் கரும்புள்ளிகளில் வெப்பம் குறைவு. அங்கே தேடினால் கிடைக்கலாம் என்றார். அமெரிக்காவின் புகழ்மிக்க வானியலார் ஹென்றி நாரிஸ் ரசல் கரும்புள்ளியின் நிறமாலையில் தேடினார். ருபீடிய வரி அங்கே இருந்தது.

சாகாவின் சமன்பாட்டைக் கையில் எடுத்து, ஞாயிறும் விண்மீன்களும் எவ்வெத்தனிமத்தால் எவ்வெவ்வளவு ஆனவை என்று கணக்கிட்டவர் சிசிலியா பெய்ன் என்னும் ஆங்கிலேயப் பெண். 1900 இல் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்தவர். கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்தார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை என்பது அப்பல்கலைக்கழகத்தின் விதி. 1948 இல்தான் மாறியது. அங்கே பெண்ணுக்கு எதிர்காலம் இல்லை என்று கண்டு 1923 இல் ஹார்வார்டு சென்றார்.

அவர் கண்ட விடை எவரும் எதிர்பாராதது. ஞாயிற்றின் நிறமாலையில் இரும்பு வரிகள் மிகுதி. ஆகவே ஞாயிறும் ஏறத்தாழ நிலவுலகம் போன்ற பொருளால் ஆனது என்பதே அன்றைய முடிவு. பெய்ன் கணக்கு வேறு கூறியது. ஞாயிற்றின் வெப்பத்தில் ஹைட்ரஜன் அணுக்களில் மிக மிகச் சிறு பங்கே கண்காணும் வரியை எழுதும் நிலையில் உள்ளன. அச்சிறு பங்கே இவ்வளவு தெளிவான வரியைத் தருமாயின், மொத்த ஹைட்ரஜன் எவ்வளவு இருக்க வேண்டும்? உலோகங்களைப் போல் ஏறத்தாழ பத்து இலட்சம் மடங்கு என்று வந்தது.

1925 இல் அவருடைய ஆய்வேடு ரசலிடம் சென்றது. கரும்புள்ளியில் ருபீடியத்தைத் தேடிக் கண்ட அதே ரசல்தான். இது நிகழவே முடியாதது என்று அவர் எழுதிவிட்டார். 25 வயது மாணவி என்ன செய்வார்? ரசலின் ஒரு சொல் ஒருவருடைய எதிர்காலத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்லது. பெய்ன் தம் கணக்கை மாற்றவில்லை; எண்களை அப்படியே அச்சிட்டார். ஆனால் ஹைட்ரஜனின் இந்த அளவு பெரும்பாலும் உண்மையாக இராது என்று தம் கையாலேயே ஒரு வாக்கியம் சேர்த்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1929 இல், ரசல் வேறொரு வழியில் கணக்கிட்டு அதே விடையை அடைந்தார். பெய்னின் முடிவோடு தம் முடிவு ஒத்திருப்பதையும் அக்கட்டுரையில் குறித்தார். பல காலம் அக்கண்டுபிடிப்பு ரசலின் பெயராலேயே பேசப்பட்டது. ஞாயிற்றின் நிறையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஹைட்ரஜன், நான்கில் ஒரு பங்கு ஹீலியம், ஏனைய எல்லாம் சேர்ந்து 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்பது இன்று பள்ளிப் பாடம்.

ரசலைக் கயவராகக் காட்டுவது முறையன்று. அவர் நேர்மையாளர், பின்னர் தவற்றை ஏற்றார். எனினும், பெய்ன் தம் ஏட்டில் சேர்த்த அந்த ஒரு வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் நமக்கு வருத்தமே உண்டாகிறது. தாம் சரியாகப் போட்ட கணக்கைத் தாமே ஐயுற்று எழுத நேர்ந்த வாக்கியம் அது. பெய்னும் தம் முதுமையில், தம் முடிவை வலியுறுத்தாது பணிந்துபோனது தம் பிழையே என்று கருதினார்.

ஹார்வார்டில் அவர் நடத்திய வகுப்புகள் 1945 வரை பல்கலைக்கழகப் பாடப் பட்டியலில் அச்சாகவில்லை. 1956 இல்தான் அவர் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் ஆனார். அதே 1956 பிப்ரவரி 16 ஆம் நாள், தில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் சாகா மாரடைப்பால் காலமானார். அப்போது அவர் மக்களவை உறுப்பினர். 1952 இல் கல்கத்தாவிலிருந்து சுயேச்சையாக நின்று வென்றவர். அவர் தலைமை தாங்கிய குழுவின் பரிந்துரைப்படியே 1957 இல் இந்திய அரசு சக ஆண்டுக் கணக்கைத் தேசிய நாட்காட்டியாக ஏற்றது.

கொடைக்கானல் செல்லும் இளைஞர்கள் ஏரியோடு திரும்பிவிடாமல், மலைமேல் 1899 முதல் நடந்துவரும் ஞாயிற்று ஆய்வகத்தையும் காண்க. 1909 இல் எவர்ஷெட் என்பவர் அங்கேதான், வரிகள் தம் இடத்தினின்று இம்மியளவு விலகுவதை அளந்து, கரும்புள்ளிகளில் ஆவி வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். கால்சியம் எழுதும் ஒரே ஒரு வரியின் ஒளியில் ஞாயிற்றைப் படம் பிடிக்கும் பணியும் அங்கு 1904 முதல் நூறாண்டுக்கும் மேலாக நடந்தது.

வரிகளைத் தம் கண்ணாலேயே காண விரும்புவோர்க்குப் பெரிய செலவில்லை. அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் இரண்டு சவரத் தகடுகளை மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டுக. எதிர்ப்பக்கத்தில் பழைய குறுந்தகடு ஒன்றைச் சாய்த்து வைத்து, மேலே பார்ப்பதற்கு ஒரு துளையிடுக. குழல்விளக்கை நோக்கினால் பாதரசத்தின் பச்சை வரி பளிச்சென்று தெரியும். பகலில் வெண்முகிலை நோக்கிப் பிடித்தால், பொறுமையும் இடைவெளி நுண்மையும் இருப்பின், பிரான்ஹோபரின் கரிய வரிகளுள் சில தெரியும். ஞாயிற்றை நேரே நோக்குதல் ஆகாது, கண் கெடும். நம் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த பெட்டிகள் ஐந்தாறு உள்ளன. அலமாரியில்தான் வைத்திருக்கிறோம், பூட்டுவதில்லை.